தலையில் இருந்தால் உடை

ஸ்ட்ராஸ்பூர்
21 மே 1979

என் செல்ல லிலியானுக்கு,

அம்மா இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் வலது முழங்காலைத் தவிர. அதன் புராணத்தை எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. அந்தக் கடல் காற்றில் உன் தொண்டை எப்படி இருக்கிறது?

மகன் ஜோயேலுக்காக நீ வருகிறாய் என்று தெரிந்ததும் உன் அண்ணன் அலேன் துள்ளிக் குதித்தான். பிள்ளைக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது. ஜூன் 16, சனிக்கிழமை, ஓய்வுநாள் காலை, ஜெப ஆலயத்தில் முதல்முறையாகத் தோராச் சுருளை வாசிக்கப் போகிறான். இப்போதே வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பாடி எல்லோருடைய உயிரையும் வாங்குகிறான்.

உடை விஷயம். சட்டைக் கை முழங்கையை மூட வேண்டும். பாவாடை முழங்காலைத் தாண்ட வேண்டும், நிற்கும்போது மட்டுமல்ல, உட்காரும்போதும். கழுத்து ரொம்ப இறங்கக் கூடாது. கால்சட்டை வேண்டவே வேண்டாம். இதெல்லாம் உனக்குத் தெரியாததா? தெரியும். சொல்ல வேண்டியதைச் சொல்லத் தைரியம் வருகிறவரை கை எதையாவது எழுத வேண்டியிருக்கிறது.

தொப்பி வேண்டாம், லிலியான்.

நம் பெண்கள் மாடத்தில் தலையை மூடியவள் கல்யாணமானவள், மூடாதவள் ஆகாதவள். நீ தொப்பியோடு வந்தால், கடைசிப் படியில் கால் வைப்பதற்குள் மதாம் நெத்தேர் "மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டுவிடுவாள். நான் என்ன சொல்ல? மாப்பிள்ளை யூதன் இல்லை, நகராட்சி மண்டபத்தில் கையெழுத்துப் போட்டார்கள், பெற்றவர்கள் நாங்கள் போகவில்லை என்றா? நான்கு வருடமாக "லிலியான் கடலோரத்தில் வேலையில் இருக்கிறாள்" என்று மட்டும் சொல்லி வருகிறோம். அதில் பொய் ஏதும் இல்லையே. நீயும் உன் வாயால் ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். தலையில் ஒன்றும் வைக்காமல் வா, அது போதும்.

தொலைபேசி அப்பாவின் நாற்காலியை ஒட்டி இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கெட்ட அம்மா என்று திட்டிக்கொள். நானும் என்னை அப்படித்தான் திட்டிக்கொள்கிறேன்.

உன்
அம்மா

*

லொரியான்
27 மே 1979

அன்புள்ள அம்மா,

தொண்டை நன்றாக இருக்கிறது. உன் கடிதம்தான் அதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

தொப்பி வாங்கியாகிவிட்டது, அம்மா. உன் கடிதம் வருவதற்கு நாலைந்து நாள் முன்பே. நான் வாங்கவில்லை, லொயிக் வாங்கினான். கல்யாணமானவள் வெறுந்தலையோடு போகக் கூடாது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை துறைமுகத்தில் வேலை முடிந்ததும், கையில் எஞ்சின் எண்ணெய் வாசம்கூடப் போகாமல், என்னைக் கடைக்கு இழுத்துப் போய்விட்டான். கடைக்காரி கருப்பு காட்டினாள், சாம்பல் காட்டினாள். இவன் கை நீட்டியது ஒரு பச்சை ஓலைத் தொப்பியை. மஞ்சள் நாடா வேறு. உங்கள் ஊர் சந்தையில் கூடையில் வைத்தால் முட்டைக்கோஸ் என்று விலை கேட்பார்கள்.

அப்பா கீழே ஆண்கள் பக்கத்திலிருந்து அண்ணாந்து பார்த்து, உன்னுடைய கருநீலத் தொப்பியை வைத்துத்தான் உன்னைக் கண்டுபிடிப்பார் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். "அப்ப கீழருந்து எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்" என்று கடையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். கடைக்காரி மிரண்டு போனாள். "இதுதான். இதை எங்கிருந்தாலும் கண்டுபிடிச்சிடலாம்" என்றான்.

அவனுக்கு நம் வீட்டில் ஒரு நாற்காலி கிடையாது. நம் மேசையில் ஒரு தட்டு கிடையாது. அவன் பெயரை அப்பா இதுவரை கேட்டதே இல்லை. அவனுக்கு அங்கே கிடைக்கப்போகும் ஒரே இடம் என் தலைமேல் இருக்கும் அந்தத் தொப்பிதான். அதையும் கழற்று என்கிறாய்.

அவனும் ஸ்ட்ராஸ்பூர் வருகிறான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹோட்டலில் தங்குவோம். ஜெப ஆலயம் பக்கம் வர மாட்டேன் என்று அவனாகவே சொல்லிவிட்டான், பயப்படாதே.

லிலியான்

*

ஸ்ட்ராஸ்பூர்
4 ஜூன் 1979

லிலியான் கண்ணே,

பண்டிகை முடிந்ததும் முதல் வேலையாக எழுதுகிறேன். பண்டிகைக்குச் சுட்ட பாலாடைக்கட்டி கேக் தீய்ந்துபோனது. மனசு அடுப்பில் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "லிலியான் தொப்பி போட்டுக்கிட்டு வந்தா என்ன ஆகும்?" என்றேன். அவர் பத்திரிகையை மடிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சா நான் கதவுகிட்ட நிக்க மாட்டேன். யாரும் போகச் சொல்ல வேண்டாம், நானே போயிடுவேன்" என்றார்.

அந்த ஜெப ஆலயக் கதவு அவருக்கு என்ன என்று உனக்குத் தெரியும். வருகிறவர்களுக்குக் கை கொடுத்து, குல்லா கொடுத்து, புத்தகம் கொடுத்து, தோரா வாசிக்க யாரை அழைப்பது என்று பெயர் சொல்லி, அதுதானே அவருடைய வாரம் முழுவதும். அதுவும் போனால் முழங்காலும் அவரும் நானும்தான் மிஞ்சுவோம்.

ஒரு காலைப்பொழுதுக்கு மட்டும், லிலியான். உன் கணவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

அம்மா

*

லொரியான்
20 ஜூன் 1979

அன்புள்ள அம்மா,

வந்து சேர்ந்தோம். நீ கட்டிக்கொடுத்த பின்னல் ரொட்டியை ரயிலிலேயே தின்று தீர்த்தோம்.

அன்று மாடத்தில் நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். நன்றி சொல்கிறாய் என்று புரிந்தது. அங்கே எதுவும் பேச முடியவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஹோட்டலிலிருந்து தொப்பியோடுதான் கிளம்பினேன். லொயிக் ஜன்னலில் நின்று கையசைத்தான். ஆற்றுப் பாலம் தாண்டி, அவன் கண்ணுக்கு மறைந்த பிறகு கழற்றினேன். கழற்றியதும்தான் புத்தியில் உறைத்தது: ஓய்வுநாள், கையில் எதையும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தலையில் இருந்தால் உடை, கையில் இருந்தால் சுமை. இதை எனக்குச் சொல்லித் தந்ததே அப்பாதான். அந்தச் சுமையோடு, எதிரே வருகிறவர்கள் பார்க்காதபடி பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு, திருடிபோல் வந்தேன். பெண்கள் படிக்கட்டுக்குக் கீழே மேல்கோட்டு மாட்டும் இடம் இருக்கிறதே, அங்கே யாரோ விட்டுப்போன மழைக்கோட்டுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு மேலே ஏறினேன்.

நீ முன்வரிசையில் ஜோயேலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தபோது மதாம் நெத்தேர் என் காதருகே வந்தாள். "ஏம்மா, முப்பத்தொண்ணு ஆச்சு, இன்னும் தலையைக் காலியாவே வெச்சுட்டு இருக்கியே! கோல்மாருல ஒரு பல் டாக்டர் இருக்கான். பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, பிள்ளைக்குட்டி கிடையாது, வாயில பல்லு பூரா சொந்தப் பல்லு. என்ன சொல்றே?"

"பார்க்கலாம்" என்றேன், அம்மா. வாயால் பொய் சொல்ல வேண்டாம் என்றாயே, அதையும் சொல்லிவிட்டேன்.

பிறகு ஜோயேல் வாசித்து முடித்ததும் எல்லோரும் சர்க்கரைப் பாதாமை அள்ளிக் கீழே வீசினோம். சின்ன வயதில் போலவே நானும் வீசினேன். அந்த ஒரு நிமிடம் மட்டும் சந்தோஷமாக இருந்தது.

திரும்பும்போது ஆணியிலிருந்து எடுத்து, பாலத்தருகே தலையில் வைத்துக்கொண்டு அறைக்குப் போனேன். லொயிக் சூட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தான். "என்ன, இவ்வளவு அலங்காரம்?" என்றேன். "மதியம் வெளியில சாப்பிடலாம்னு" என்றான். பிறகு, "தொப்பியைப் பாத்து எல்லாரும் என்ன சொன்னாங்க?" என்றான். "எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுது" என்றேன்.

உன்மேல் கோபமில்லை. கழற்றியது என் கைதான்.

லிலியான்

*

ஸ்ட்ராஸ்பூர்
10 ஜூலை 1979

என் லிலியானுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று வாரமாக எழுதாமல் ஒளிந்துகொண்டிருந்தேன். எழுதினால் உன் வீட்டில் நெருப்பு வைத்ததுபோல் ஆகும். எழுதாவிட்டால் நான் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அன்று நீ ஹோட்டலுக்குப் போன பிறகு, அலேன் வீட்டு விருந்தில் கெண்டைமீன் தட்டு வந்ததும் அப்பா ஒரு கதை சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"இன்னிக்கு வெளியூர்ப் பையன் ஒருத்தன் வந்தான். கருப்பு சூட்டு, டை, ஷூ கண்ணாடி மாதிரி மின்னுது. மேற்கே பிரெத்தான் பக்கத்துப் பேச்சு. பெட்டியிலருந்து குல்லா எடுத்துக் குடுத்தேன், நெத்தியில கவுத்துக்கிட்டான். நான்தான் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். புத்தகத்தைத் தப்புப் பக்கத்துலருந்து திறந்தான், திருப்பிக் குடுத்தேன். 'யாரோட வந்திருக்கே, தம்பி?'ன்னு கேட்டேன். 'மனைவி மேல இருக்கா'ன்னான். 'எந்தத் தொப்பி?'ன்னேன். 'பச்சை. மஞ்சள் நாடா. பாத்தா உடனே தெரியும்'னு அப்படி ஒரு பெருமையாச் சொன்னான். ரெண்டு பேரும் கழுத்து வலிக்க அண்ணாந்து தேடுறோம், நீலம் இருக்கு, சாம்பல் இருக்கு, பச்சையைக் காணோம். அப்புறம் அவன் ஒரே இடத்தைப் பாத்துக்கிட்டு நின்னான். 'வரலை போலிருக்கு'ன்னான். 'தூங்கிப் போயிருப்பாங்க, எங்க வீட்டுலயும் இதே கதைதான்'னு சொல்லிச் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். மேலருந்து போட்ட பாதாம் ஒண்ணு அவன் தோள்ல விழுந்துது. எடுத்துப் பையில போட்டுக்கிட்டான். நான் செய்றதைப் பாத்து அவனும் புத்தகத்துக்கு ஒரு முத்தம் குடுத்து வெச்சுட்டுப் போயிட்டான். நல்ல பையன். பொண்டாட்டியைத் தொலைச்ச பிரெத்தான்காரன்!"

மேசையே குலுங்கிச் சிரித்தது. நான் ரொட்டி எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போய்விட்டேன். பச்சைத் தொப்பி, மஞ்சள் நாடா. நீ எழுதியிருந்தாயே.

அவன் வர மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தான். அந்தத் தொப்பி கீழிருந்து எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டிருப்பான். அவன் பார்த்தது உன் வெறுந்தலையை. அதற்கு அர்த்தம் என்ன என்று நீயே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். பிறகு அறையில் உட்கார்ந்து, நீ அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்ததையும், நீ சொன்ன பதிலையும் கேட்டுக்கொண்டான்.

அப்பா இன்னும் வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது யார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கிறேன். இது முழுக்க என் பாவம்.

அம்மா

*

லொரியான்
6 ஆகஸ்ட் 1979

அம்மா,

உன் கடிதத்தை லொயிக்கிடம் படித்துக் காட்டினேன். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, சூட்டுப் பையிலிருந்து அந்தப் பாதாமை எடுத்து மேசையில் வைத்தான்.

"ஏன் சொல்லலை?" என்றேன்.

"நீ சொல்லுவேன்னு காத்திருந்தேன்."

"கோபம் வரலையா?"

"வந்துது. பாலத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்னேன், போயிடுச்சு. ஆனா நீ உள்ள வந்து எல்லாருக்கும் பிடிச்சுதுன்னு சொன்னே பாரு, அப்பத்தான் தெரிஞ்சுது, உனக்கு எவ்வளவு பயம்னு. அதுக்கு மேல என்ன கேக்குறது?" பாதாமை விரலால் உருட்டியபடி, "உங்க அப்பா நல்ல மனுஷன். என் குல்லாவைச் சரி பண்ணினாரு. அவரு கெட்டவரா இருந்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்" என்றான்.

அவன் கத்தியிருக்கலாம். ஒரு தட்டையாவது உடைத்திருக்கலாம். வழக்கம்போல வேலைக்குப் போகிறான், வருகிறான், என் கோப்பையையும் சேர்த்துக் கழுவி வைக்கிறான். ஆனால் ஸ்ட்ராஸ்பூர் முத்திரையோடு கடிதம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறான். என் வீட்டில் நான் குற்றவாளியாக உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கலாம் என்று சொன்னேனே, அவன் கீழே நின்றுகொண்டிருந்தபோது. அது தினமும் காதில் கேட்கிறது.

இத்துடன் பெட்டியில் தொப்பியை அனுப்புகிறேன். இங்கே மாட்டியிருந்தால் அதைத் தாண்டி நடக்க முடியவில்லை. தூக்கிப் போடவும் கை வரவில்லை. பெண்கள் படிக்கட்டில் தலை மூடாமல் வருகிற வெளியூர்க்காரிகளுக்கென்று முக்காட்டுத் துணிகள் போட்டு வைத்திருக்கிற கூடை உண்டல்லவா, அதில் போட்டுவிடு. யாருக்காவது உதவட்டும்.

செப்டம்பரில் வரும் நம் புத்தாண்டுக்கும், அதையடுத்த பெரிய நோன்புக்கும் வர மாட்டேன். கூப்பிடாதே. வெறுந்தலையோடு இனி என்னால் வர முடியாது. தொப்பியோடு வந்தால் உங்களால் முடியாது. இதற்கு நடுவில் எனக்கு வேறு தலை இல்லை, அம்மா.

லிலியான்

*

ஸ்ட்ராஸ்பூர்
24 செப்டம்பர் 1979

என் லிலியானுக்கும், லொயிக்குக்கும்,

ஆம், இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். அவன் வெளியே போய்விட்டால் கூப்பிட்டு உட்கார வை. இவ்வளவு நாள் பதில் எழுதாததற்கு என்னைத் திட்டு, ஆனால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு. இன்று சின்ன நோன்பு, காபிகூடக் கிடையாது. எழுத்து கோணினால் பசிதான் காரணம்.

தொப்பியைக் கூடையில் போடத்தான் எடுத்துப் போனேன். மூன்று முறை போனேன். மூன்று முறையும் பெட்டியோடு திரும்பி வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

நேற்று புத்தாண்டின் இரண்டாம் நாள். அன்று புதிதாக ஒன்றை உடுத்திக்கொள்வது நம் வழக்கம். நான் வருடா வருடம் ஒரு புதுக் கைக்குட்டையோடு ஒப்பேற்றிவிடுவேன். நேற்று அப்பா விடியற்காலையிலேயே கதவைத் திறக்கப் போய்விட்டார். நான் பெட்டியைத் திறந்தேன். என் கருநீலத்தைக் கழற்றி வைத்துவிட்டு உன் பச்சையை எடுத்துத் தலையில் வைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் நீ சொன்னது சரிதான், முட்டைக்கோஸ். தெரு முழுக்க அதோடுதான் நடந்தேன்.

மாடத்தில் முதல் குரல் யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? "இதென்ன, தலைமேல தோட்டம் போட்டிருக்கீங்க?" என்றாள் மதாம் நெத்தேர்.

"என் பொண்ணோட தொப்பி" என்றேன்.

"லிலியானுக்கா? அவளுக்கு எதுக்குத் தொப்பி?"

"கல்யாணம் ஆனவளைப் பாத்து இப்படிக் கேக்கலாமா? நாலு வருஷம் ஆச்சு. மாப்பிள்ளை பேரு லொயிக். நம்ம ஆள் இல்லை. துறைமுகத்துல எஞ்சின் வேலை."

சத்தமாகத்தான் சொன்னேன். பின்வரிசைவரை புத்தகம் புரட்டும் ஓசை நின்றுபோனது. மதாம் நெத்தேர் என் பக்கம் குனிந்தாள். "அப்ப பல் டாக்டர்?" என்றாள்.

"அவருக்கு வேற இடம் பாருங்க."

அதற்குள் கீழே தோராவை விரித்துவிட்டார்கள். அப்பா மேடையில் நின்று ஒவ்வொரு பெயராக அழைத்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல நடுவில் என்னைத் தேடி மேலே பார்த்தார். நீலத்தைத் தேடிய கண் என்னைத் தாண்டிப் போயிற்று. பிறகு திரும்பி வந்தது. பச்சையைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். எனக்குக் கண்ணை இறக்கிக்கொள்ளத் தோன்றியது, இறக்கவில்லை. அவர் தேடிக் கிடைக்காத தொப்பி, லிலியான். அந்தப் பையனோடு கழுத்து வலிக்கத் தேடியது. யாருடைய மனைவி, யாருடைய மகள் என்று அவர் முகத்தில் ஒவ்வொன்றாக இறங்குவதை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த பெயரைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அலேன் அவருடைய சால்வையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

தொழுகை முடிந்து வெளியே வந்தோம். இரண்டு பேர் அவரிடம் வாழ்த்துச் சொல்ல வந்து, என் தலையைப் பார்த்து, வெறுமனே கைகொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசை முன் உட்கார்ந்தார். சூப்பு ஆறிப்போனது. திட்டுவார் என்று காத்திருந்தேன். ஊரறியச் சொன்னதற்காகத் திட்டட்டும், கதவை விட்டுவிட்டேன் என்று சொல்லட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன்.

"நான் அவன் மூஞ்சிக்கு நேராச் சிரிச்சேன்" என்றார். "தூங்கிப் போயிருப்பாங்கன்னு சொன்னேன். ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன்."

ஆறிய சூப்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும். அவளைக் கழற்றச் சொன்னதே நான்தான்."

"எனக்காகத்தானே சொன்னே" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு அழுதார். உன் அப்பா அழுது நீ பார்த்ததில்லை. நானும் அவருடைய தாயார் போனபோது பார்த்ததோடு சரி. கடைசியில், கைக்குட்டைக்குள்ளிருந்து கேட்டார்: "அவன் பேர் என்ன?"

சொன்னேன். ஒருமுறை தப்பாகச் சொல்லிப் பார்த்தார். மறுபடி சொல்லிக்கொடுத்தேன்.

அதற்கு மேல் எதையும் நினைத்துக்கொள்ளாதே. வரச் சொல் என்று அவர் சொல்லவில்லை. கதவருகே இனி நிற்பாரா என்றும் தெரியாது. இராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தார். ஆனால் இன்று காலை தொழுகைக்குக் கிளம்பினவர், வாசற்கதவைத் திறந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அந்தப் பையனுக்கு எழுதிப் போடு. அன்னிக்கு ஷூவைப் பளபளன்னு போட்டுக்கிட்டு வந்தான். அடுத்த திங்கக்கிழமை பெரிய நோன்பு, அன்னிக்குத் தோல் ஷூ கூடாது. துணி ஷூ இருக்கான்னு கேளு. இல்லைன்னா அளவு என்னன்னு கேளு."

சொல்லிவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார்.

தொப்பியை இதே அஞ்சலில் திருப்பி அனுப்புகிறேன். நாடாவை இஸ்திரி போட்டிருக்கிறேன். வருவதும் வராததும் உங்கள் இரண்டு பேர் இஷ்டம். எதைக் கேட்கவும் எனக்கு வாயில்லை. வந்தால் மட்டும், லிலியான், ஹோட்டலிலிருந்து மாடம்வரை அதைத் தலையிலேயே வைத்துக்கொண்டு வா. கையில் எடுக்காதே.

லொயிக்கின் கால் அளவை மறக்காமல் எழுது.

உங்கள்
அம்மா